லண்டனுக்குள் இருந்த பிரான்ஸ்

லண்டனை விட்டு ஓரடி நகராமலே நான் ஒரு பின்னேரம் முழுக்கப் பிரான்சில் இருந்துவிட்டு வந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். என் மகன் வசந்தன்கூட முதலில் நம்பவில்லை. பாஸ்போட்டைத் திறந்து காட்டினேன். அதில் பிரான்ஸ்காரர் குத்திய சீல் இருக்கிறது. சீலின் மூலையில் சின்னதாக ஒரு ரயில் படம். அதன் மேல் நீலப் பேனையால் இழுத்த இரண்டு கோடு. அந்தக் கோட்டை நானே கேட்டு வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பஸ்ஸில் இறங்குமிடம் தவறினாலும் வாய் திறக்காமல் கடைசித் தரிப்புவரை போகிறவள், ஒரு பொலிஸ்காரனிடம் கேட்டு வாங்கிய கோடு அது.

அக்கா பாரிஸில் இருக்கிறார். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில், காசு வாங்கி ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரர்கள் அக்காவை அங்கே இறக்கினார்கள், என்னை இங்கே இறக்கினார்கள். எங்கே இறங்கப்போகிறீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அந்த நாட்டுப் பாஸ்போட் வந்தது, எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் வந்தது. நெடுங்காலம் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இல்ஃபோர்டிலிருந்து ஈஸ்ட்ஹாமுக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிற மாதிரித்தான் நான் பாரிஸுக்குப் போய் வந்தேன். பிறகு இந்த நாடு ஐரோப்பிய நாடுகளின் கூட்டை விட்டுப் பிரிந்துகொண்டது. அதற்குப் பிறகு போகவும் ஒரு சீல், வரவும் ஒரு சீல்.

சீலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாளைப் பற்றித்தான். ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம்தான் அங்கே நிற்கலாம். அந்த ஆறு மாதமும் ஓரிடத்தில் நிற்காது. இன்றைக்கு நின்றுகொண்டு பின்னால் திரும்பி ஆறு மாதத்தை எண்ண வேண்டும். நாளைக்கு அதுவும் ஒருநாள் நகர்ந்துவிடும். ஜூனில் அக்காவுக்கு நெஞ்சு பலவீனம் என்று தெரிந்த நாளிலிருந்து நான் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒக்டோபர் முடிகிறபோது வசந்தன் போனில் எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஏழு நாள்தான் மிச்சம்" என்றான். ஜூனில் செலவழித்த நாட்கள் திரும்பி வர டிசம்பர் ஆகும்.

திங்கட்கிழமை அக்காவின் மகள் கலா போன் எடுத்தாள்.

"சித்தி, அம்மாவை ஆஸ்பத்திரியால வீட்டுக்கு விட்டிட்டினம். கால் ரெண்டும் தண்ணி. டொக்டர் இந்தமுறை ஒண்டையும் வடிவாச் சொல்லேல்லை."

"சாப்பிடுறாவோ?"

"உப்பில்லாமல் எப்பிடிச் சாப்பிடுறதெண்டு என்னோட சண்டை."

சண்டை பிடிக்கிறார் என்று கேட்க எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் அன்று முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய பானையை மறுபடி கழுவினேன். யன்னலடிக்குப் போனேன், வந்தேன். மருமகள் வேலையால் வந்து, "மாமி, நடந்து நடந்து கார்ப்பெற் தேயப்போகுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மகாலிங்கம் அண்ணை வந்தார். என் கணவருடைய ஒன்றுவிட்ட தமையன். வால்தம்ஸ்டோவில் இருக்கிறார். இந்த நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் எங்கள் பகுதிச் செத்தவீடு ஒன்றையும் தவறவிடாதவர். எங்கே எந்த மண்டபம், எந்த ஐயர், எத்தனை மணிக்குப் பெட்டி மூடுவார்கள் என்பதெல்லாம் அவரிடம் கேட்கலாம். கறுப்புக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோட்டும் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, யோசிச்சு நடவுங்கோ," என்றார். "இப்ப போய் ஏழு நாளையும் முடிச்சுப்போட்டு வந்தியளெண்டா, பிறகு அந்த விசயம் நடக்கேக்க என்ன செய்வியள்?"

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு நின்றேன்.

"கனடாவில இருந்தே சனம் வரும். ஒரு வயித்தில பிறந்தவள் லண்டனில இருந்துகொண்டு வரேல்லையெண்டா என்ன கதை வரும்? அங்க உடம்பை எடுத்து எரிக்க ஒரு கிழமை செல்லும். ஏழு நாளும் அளவாக் கிடக்கு. வைச்சிருங்கோ."

வசந்தன் நல்லவன்தான். ஆனால் கணக்கு என்று வந்தால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. "பெரியப்பா சொல்லுறதும் சரியம்மா. செத்தவீட்டுக்கு ஏழு நாள் காணும்," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டான்.

எங்கள் சனம் கலியாணத்துக்கு வராவிட்டால் மன்னிக்கும். செத்தவீட்டுக்கு வராவிட்டால் மன்னிக்காது. அது எனக்கும் தெரியும். நீண்ட விசாவுக்குக் கேட்கலாம் என்றும் சொன்னார்கள். கடதாசி சேர்த்து, நாள் எடுத்து, முகம் காட்டி, காத்திருக்க வேண்டும். அக்காவின் நெஞ்சு அதுவரை காத்திருக்குமா என்று எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது?

பின்னேரம் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. காலநிலை கேட்டேன். கால் வீக்கம் கேட்டேன். பிறகு, "அக்கா, இப்ப வரட்டோ, பிறகு வரட்டோ?" என்றேன்.

"பிறகெண்டா எப்பவடி?"

நான் குழாயைத் திறந்து மூடினேன்.

"ஓ," என்றார் அக்கா. மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு சிரிப்பதும் கேட்டது. "மகாலிங்கத்தார் வந்தவரோ?"

"ஓம்."

"என்ர செத்தவீட்டில நான் இருக்கமாட்டன். நீ வந்து ஆரோட கதைக்கப்போறாய்? அந்தாளோடயோ? விசரி. முருங்கைக்காய் கிடைச்சாக் கொண்டு வா."

நான் கதவைத் திறந்துகொண்டு வந்து, வியாழக்கிழமைக்கு ரிக்கற் போடச் சொன்னேன். வசந்தன் உடனே போட்டான். அண்ணைக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்கு அவருடைய முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லை.

புதன்கிழமை நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் வியாழன் அட்டமி என்று தெரிந்தது. அட்டமியில் படி இறங்குவதென்றால் எனக்குக் கால் எழும்பாது. அதுவும் நோயாளியைப் பார்க்கப் போகிறபோது. ரிக்கற்றை மாற்றச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. ஆனால் இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. முதல்நாள் நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், அந்த நேரமே நாங்கள் வெளிக்கிட்ட நேரம். அடுத்தநாள் எந்த நேரத்தில் ஆள் போனாலும் பயணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதாகக் கணக்கு.

நாங்கள் மேல்மாடியில் இருக்கிறோம். கீழ்வீட்டில் சாந்தி தனியாக இருக்கிறாள். வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், முருங்கைக்காய், அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எல்லாம் அடுக்கி, நல்ல நேரத்தில் பெட்டியைப் படிப்படியாக இறக்கி அவள் வீட்டுக்குள் நடையில் கொண்டுபோய் வைத்தேன். "அங்க கிடக்கட்டும் அன்ரி, நாளைக்கு வந்து எடுங்கோ," என்றாள் சாந்தி. எனக்கு மனம் லேசாகிவிட்டது. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

வியாழன் காலை வசந்தனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு சீலை உடுத்து, கோட்டுப் போட்டு, கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கீழே இறங்கினேன். சாந்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். இன்னொருமுறை தட்டினேன். அப்போதுதான் நினைவு வந்தது, வியாழக்கிழமைகளில் அவளுக்கு விடிய ஷிப்ட். ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வேலை நேரத்தில் போனைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள்.

பெட்டி போனால் போகட்டும், மா இல்லாமலே போகலாம் என்று திரும்பினேன். இரண்டடி வைத்த பிறகு கைப்பையைத் தடவிப் பார்த்தேன். பாஸ்போட் இல்லை. அதைப் பெட்டிக்குள், கம்பளிச் சட்டைக்கு நடுவில், நானே பத்திரமாக வைத்திருந்தேன்.

இந்த நாட்டில் இத்தனை வருடமாக நான் தனியாக ரயிலேறியது மிகக் குறைவு. பாரிஸுக்குப் போகிறபோதும் வசந்தன்தான் காரில் கொண்டுபோய் ஏற்றிவிடுவான், அன்றுதான் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வசந்தனுக்குப் போன் எடுத்தால் சத்தம் போடுவான். ஆகவே எடுக்கவில்லை. இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு நடந்தேன். காற்று குடையைப் பிடுங்கியது. எலிசபெத் ரயிலில் ஃபாரஸ்ட் கேட் அதிக தூரமில்லை, இடையில் ஒரு தரிப்புத்தான். எனக்கு முன்னால் இருந்த பெண் போனில், "வந்துவிட்டேன், வாசலில்தான் நிற்கிறேன்," என்று ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் அப்போதுதான் இல்ஃபோர்டை விட்டு அசைந்தது. என்ன துணிச்சல் என்று நினைத்தேன்.

முதியோர் இல்லத்து மணியை அழுத்த எனக்குக் கை வரவில்லை. வாசலில் நின்றேன். யன்னலருகே இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். யன்னலைக் கொஞ்சம் திறந்து, "உள்ளே வந்துவிடாதே அம்மா, இங்கே தேநீர் மிகவும் மோசம்," என்றாள். இருக்க இடம் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு மணியை அழுத்திவிட்டேன்.

சாந்தி ஏப்ரனோடு ஓடி வந்தாள்.

"என்ன அன்ரி, இன்னும் போகேல்லையோ?"

"பெட்டி உள்ளுக்க கிடக்கு பிள்ளை. பாஸ்போட்டும் அதுக்குள்ள."

"ஐயோ! அதை ஏன் பெட்டிக்குள்ள வைச்சனீங்கள்?"

"பாஸ்போட் போனாத்தானே ஆள் போனமாதிரி."

"அன்ரி, உங்களுக்கு முதல் உங்கட பாஸ்போட் பிரான்சுக்கு வெளிக்கிட்டிட்டுது," என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டுத் திறப்பை எடுத்துத் தந்தாள். "மழைக்க ஓடாதேங்கோ. விழுந்துபோடாதேங்கோ."

திரும்பி இல்ஃபோர்ட். பெட்டி. திரும்ப ரயில். ஃபாரிங்டனில் இறங்கி மாற வேண்டும். மேலே ஏறுகிற படி எங்கே, கீழே இறங்குகிற படி எங்கே என்று தெரியாமல் எல்லாரும் போகிற பக்கம் போனேன். அவர்கள் வேறெங்கோ போகிறவர்கள். செயின்ட் பாங்க்ராஸ் வந்து சேர்ந்தபோது என் ரயில் போய்விட்டது.

இப்போது வசந்தனுக்கு எடுக்காமல் முடியாது. எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, ரயில் விடுறவனுக்கு அட்டமி தெரியுமே?" என்றான். சத்தம் போடவில்லை. போனிலேயே ஏதோ செய்து பின்னேர ரயிலில் ஓர் இடம் எடுத்துத் தந்தான்.

அந்த ஸ்டேஷனுக்குள் பிரான்சின் எல்லை இருக்கிறது. முதலில் பெட்டியை மிஷினுக்குள் விடுவார்கள். பிறகு பிரான்ஸ் பொலிஸ் இருக்கிற கண்ணாடிக் கூடு. லண்டனிலேயே பிரான்ஸ் பொலிஸ். பக்கத்தில் விரலும் முகமும் படம் பிடிக்கிற புது மிஷின்கள் வரிசையாக நின்றன. இனிமேல் சீல் இல்லையாம், எல்லாம் மிஷினே எண்ணுமாம். என்னைக் கூட்டுக்குத்தான் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர் தாள்களைப் புரட்டினார், புரட்டினார், முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். ஏழு நாள் என்று விரல்களைக் காட்டினார். தலையாட்டினேன். டக்கென்று குத்தினார்.

அந்தக் கூட்டைத் தாண்டினால் பிரான்ஸ். அங்கே நீளக் கதிரைகள், கோப்பிக் கடை, ஒரு குப்பைத்தொட்டி. அக்கா போன் எடுத்தார்.

"எங்க நிக்கிறாய்?"

"பிரான்சில அக்கா."

"வந்திட்டியோ? எந்த இடத்தில?"

"லண்டனில."

"எனக்குத்தான் மருந்து கூடிப்போச்செண்டு நினைச்சன்," என்றார்.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் சிரித்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, மதுரைப் பக்கமாம். பெயர் மீனா. வால்தம்ஸ்டோவில் இருக்கிற டாக்டர். பாரிஸில் ஏதோ கூட்டத்துக்குப் போகிறாள். இந்தியப் பாஸ்போட், அதில் ஒட்டிய விசா. "எனக்கு ஒரே ஒரு தடவைதான்மா உள்ள போகலாம். சிங்கிள் என்ட்ரி. உங்களுக்குப் பரவாயில்ல, நாள் இருக்கிறவரைக்கும் எத்தனை தடவைனாலும் போலாம்," என்றாள். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விதமாக அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

ரயில் பிந்துகிறது என்று அறிவித்தார்கள். புயல் காற்றுக்குப் பாதையில் மரம் விழுந்துவிட்டதாம். மீனா ஒரு டப்பாவைத் திறந்தாள். தயிர்ச்சோறு.

"பால் சாமான் எதுவும் பிரான்சுக்குள்ள கொண்டுபோகக் கூடாதாம்மா. இங்கயே சாப்பிட்டு முடிச்சிடலாம்."

"நாங்கள் இப்ப பிரான்சுக்குள்ளதானே இருக்கிறம்?"

அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டு அந்தக் கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகவேகமாகச் சாப்பிட்டாள். நான் என் இடியப்பத்தையும் சம்பலையும் அவிழ்த்தேன். சம்பலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "ஆத்தாடி! இவ்வளவு காரமா? இதைச் சாப்பிட்டா பிரசர் என்னத்துக்கு ஆகும்?" என்றாள். ஆனாலும் மறுபடி மறுபடி தொட்டுக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியபோது, இனி இன்றைக்கு ரயில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சனம் முழுக்க எழும்பியது. சிலர் கத்தினார்கள், சிலர் போனில் அழுதார்கள். ஊழியர்கள் ஒரு பக்கக் கதவைத் திறந்து, இப்படிப் போங்கள் என்று கையைக் காட்டினார்கள்.

மீனா என் கையைப் பிடித்தாள். "அம்மா, சும்மா வெளிய போயிடாதீங்க. குத்தின சீலை கேன்சல் பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா நீங்க உள்ள போனதாவே கணக்கு. எனக்கு விசாவே போயிரும், உங்களுக்கு நாள் போயிரும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சனம் எங்களைத் தள்ளியது. அவளுடைய சிவப்புக் கழுத்துச் சால்வை முன்னால் போனது. பிறகு அதுவும் தெரியவில்லை.

நான் கதவடிக்கு வந்துவிட்டேன். வெளியே லண்டன் தெரிந்தது. இந்தப் பக்கம் கூட்டுக்குள் அதே பொலிஸ்காரர் தன் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஊழியர்ப் பெண் என்னைப் பார்த்து, போங்கள் போங்கள் என்றாள். அப்படிச் சொன்னால் போகிறவள் நான். பெட்டியைத் தூக்கினேன். கதவடியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னில் முட்டினார்கள். ஒரு நாள். அக்காவோடு இருக்கிற ஏழு நாளில் ஒரு நாளை இந்தக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து இடியப்பம் தின்று முடித்ததாக எழுதப்போகிறார்கள்.

திரும்பினேன். கூட்டுக்கு நேரே போனேன். பாஸ்போட்டைத் திறந்து அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசெல்லாம் மறந்துபோனது. "நோ பாரிஸ்," என்றேன். "நோ ட்ரெயின். மை சிஸ்டர். மை டே." அதற்குமேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ தன் பாஷையில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் இங்கிலீசில் எனக்குச் சொன்னார்: "உங்கள் நாளைத் திருப்பிக் கேட்கிறீர்களா என்று கேட்கிறார்." ஓம் ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினேன். முதலாமவர் பாஸ்போட்டை வாங்கி, நீலப் பேனையை எடுத்து, சீலின் மேல் மெதுவாக இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் ஏதோ எழுதினார். தரும்போது, தட்டுத்தடுமாறிய இங்கிலீசில், "உங்கள் சகோதரிக்கு என் வணக்கம்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. அதில் சிவப்புச் சால்வையும் நின்றது. "அம்மா, கலக்கிட்டீங்க!" என்று மீனா அங்கிருந்தே சத்தம் போட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு லண்டனுக்குள் போய்விட்டேன்.

காலையில் நான் தவறவிட்ட ரயில், மரம் விழ முதலே பாரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வசந்தன் காருக்குள் வைத்து அதைச் சொன்னான். அட்டமியைப் பற்றி அதன்பிறகு இருவரும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாஸ்போட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கூட்டுக்குள் வேறொருவர். வெட்டிய சீலைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், எண்ணினார், "ஏழு" என்றார். குத்தினார். ரயில் போனது. சுரங்கத்துக்குள் காது அடைத்தது. வெளியே வந்தபோது வெயில்.

ஏழு நாளையும் பற்றி எழுத அதிகம் இல்லை. நாங்கள் எங்கேயும் போகவில்லை. அக்காவின் வீடு நாலாம் மாடி. லா ஷப்பல் கடைத்தெருவுக்கு ஒருநாள் கலா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், நான் அரைவழியிலேயே திரும்பிவிட்டேன். வெளியே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் எனக்கு அரித்தது. முருங்கைக்காய்க் கறியை உப்பில்லாமல் வைத்து, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளியைக் கூடுதலாக விட்டேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "நாக்கை ஏமாத்துறாய்," என்றார். ஆனால் தட்டை வழித்தார்.

நாலாம் நாள் சண்டை. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து உப்புப் பேணியை எடுத்திருக்கிறார். பறித்தேன். "சாகப்போறவளிட்டப் பறிக்கிறியே, நீயெல்லாம் ஒரு சகோதரியோ?" என்றார். "சாகிறதெண்டா நான் போன பிறகு சாகுங்கோ," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அரை நாள் இருவரும் பேசவில்லை. ஏழு நாளில் அரை நாளைச் சண்டைக்குக் கொடுத்தோம். பின்னேரம் அவராகவே சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தலைமயிர் எவ்வளவோ கொட்டிவிட்டது. பின்னினேன். எலிவால் மாதிரி வந்தது. "வடிவாக் கிடக்கோ?" என்றார். "ஓம்," என்றேன்.

கடைசிநாள் அவர் கதவடிக்கு வரவில்லை. கதிரையில் இருந்தபடி, "போட்டு வா," என்றார். "போட்டு வாறன்," என்றேன். அவ்வளவுதான்.

செயின்ட் பாங்க்ராஸில் இறங்கியபோது சீல் குத்த ஆரும் இல்லை, கேள்வி கேட்கவும் ஆரும் இல்லை. பாரிஸில் வைத்தே எல்லாம் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தநாளே மகாலிங்கம் அண்ணை வந்துவிட்டார். ஆர் சொன்னார்களோ தெரியாது.

"முடிச்சிட்டியளோ?"

"ஓம் அண்ணை. முடிச்சிட்டன்."

ஏசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு, "உங்கட அக்கா கதைச்சவவோ?" என்றார்.

"கதைச்சவ. கறியில உப்பில்லையெண்டு சண்டையும் பிடிச்சனாங்கள்."

"ம்." கோப்பையைக் கீழே வைத்தார். "நான் என்ர தம்பியின்ர செத்தவீட்டுக்குப் போனனான் தங்கச்சி. நோர்வேக்கு. நல்ல சனம் வந்தது. அவன்ர முகம் பிரேம் போட்ட படத்திலதான் சிரிச்சுக்கொண்டு கிடந்தது." பிறகு கோட்டுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். உப்பில்லாத கறி எப்படி வைத்தேன் என்று படியில் நின்று ஒருமுறை கேட்டார். சொன்னேன்.

அதற்குப் பிறகு நவம்பர் முழுக்க எனக்கு ஒரே தவிப்பு. கலா எடுத்தால் முதலில் அவள் குரலைத்தான் பார்ப்பேன், சொல்லைக் கேட்பது பிறகு. பாஸ்போட்டில் ஒரு நாளும் இல்லாமல் அந்த மாதத்தைக் கடந்தேன். இந்த டிசம்பரில் ஜூன் நாட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு நாளும் விடிய எனக்கு ஒரு நாள் கூடுகிறது. வசந்தன் எண்ணிச் சொன்னான். நாளை போகலாம்.

இன்று காலை நல்ல நேரத்தில் பெட்டியை இறக்கிச் சாந்தி வீட்டில் வைத்துவிட்டு மேலே வந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா. குரல் மெலிந்துபோய் இருந்தது.

"எங்கயடி நிக்கிறாய்?"

"வெளிக்கிட்டிட்டன் அக்கா."

மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தார். "பெட்டி கீழ போயிட்டுதோ?"

"ஓம்."

"பாஸ்போட்?"

"மடியில கிடக்கு."

"அப்ப சரி," என்றார் அக்கா. "கெதியா வா."